தெய்வமாக ஆடும் கேரக்டருக்கு அடையாளப் பொருள்: +3 வாளைத் தாண்டி என்ன கொடுப்பது?

வேளச்சேரி பகடை எழுதியது:

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி அறையில் பகடை ஆட்டம் நடத்துகிறேன்; ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் புகுந்து பகடை உருட்டி ஆடுவது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் தொடங்கிய குழு, இப்போது 'காட்பவுண்ட்' விதிகளுக்கு மாறியிருக்கிறது. தெரியாதவர்களுக்காக: கெவின் க்ராஃபோர்ட் எழுதி 2016இல் வந்த ஆட்டம் அது. ஆடுபவர் ஒவ்வொருவரும் முதல் நாளே ஒரு புதுத் தெய்வம். கடல், மரணம், செல்வம் என்பது போல மூன்று 'சொற்களை' எடுத்துக்கொண்டு, 'எஃபர்ட்' புள்ளிகளைச் செலவழித்து அற்புதம் நிகழ்த்தலாம். சாதாரணப் படைவீரர்கள் எதிரே வந்தால் 'ஃப்ரே' பகடையை உருட்டினாலே சரிந்துவிடுவார்கள்.

களம் நம் சென்னைதான், கொஞ்சம் திரித்த சென்னை. ஒருவர் கூவத்தின் தெய்வம். ஒருவர் கடற்காற்று. ஒருவர் கடைசி மின்சார ரயிலின் தெய்வம். கடற்கரை நிலையத்தில் நள்ளிரவில் மட்டும் தென்படுவார். நான்காமவர் அடகுத் தெய்வம். சௌகார்பேட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கிறார். குழுவிலேயே அதிகத் தொல்லை தருபவர் அவர்தான்.

என் சிக்கல் இதுதான். ஆளுக்கொரு மந்திரப் பொருள் கொடுக்க ஆசை. வேல் என்றால் முருகன் என்று குழந்தைக்கும் தெரிகிறதே, அந்த மாதிரி. கொடுத்தால் எடுபட மாட்டேன் என்கிறது. கடற்காற்றுக்கு ஒரு வலம்புரிச் சங்கு கொடுத்தேன், ஊதினால் புயல் வரும். "புயலை நானே வரவழைப்பேனே, சங்கு எதற்கு?" என்று கேட்டார் அதை ஆடுபவர். நியாயமான கேள்வி. சங்கு இப்போது கேரக்டர் ஷீட்டின் (கேரக்டரின் விவரங்களை எழுதிவைக்கும் தாள்) பின்பக்கத்தில் தூங்குகிறது. ஒரு தெருவையே தூக்கிப் போடக்கூடியவருக்கு +3 வாள், அதாவது பகடையில் விழும் எண்ணோடு மூன்றைக் கூட்டித்தரும் மந்திர வாள், எதற்கு? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பாரிமுனை விதிநூல் எழுதியது:

எண்ணைக் கூட்டுவது பயனில்லை என்பதை விதி எழுதியவர்களே எப்போதோ கண்டுகொண்டார்கள். ஐந்தாம் பதிப்பில் ஒரு கேரக்டர் ஒரே நேரத்தில் மூன்று பொருட்களோடுதான் இணைப்பு வைத்துக்கொள்ள முடியும். நான்காவது வேண்டுமென்றால் ஒன்றை விட்டாக வேண்டும். அந்தக் கட்டுப்பாடுதான் பொருளுக்கு மதிப்புத் தருகிறது, +3 தருவதில்லை.

2001இல் வந்த 'எக்ஸால்டட்' என்ற ஆட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெரும் வாளை உங்களுடையதாக்க வேண்டுமென்றால் உங்கள் சக்திப் புள்ளிகளில் ஒரு பகுதியை அதற்குள் கட்டிப்போட வேண்டும். வாள் உங்களிடம் இருக்கும்வரை அந்தப் புள்ளிகள் உங்களுக்கில்லை. மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு பெரும் பொருளுக்கும் தனிக் கலைகள் இருக்கின்றன. ஆடுபவர் அனுபவப் புள்ளி செலவழித்து, தன் வாளிடமே ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். இன்னும் பழைய வழியும் உண்டு. 1979ஆம் ஆண்டின் ஏ.டி.அண்ட்.டி. (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய வடிவம்) நடத்துநர் கையேட்டில் பெரும் பொருட்களின் வரலாறு அச்சாகியிருக்கும், ஆற்றல்களுக்கு நேரே வெறும் கோடு போட்டிருக்கும். ஜி.எம்., அதாவது ஆட்டத்தை நடத்துபவர், பேனா எடுத்து நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆடுபவர் ரகசியமாகப் புத்தகத்தை வாங்கிப் படித்தாலும் ஒன்றும் தெரியாது.

உங்கள் சங்குக்கு என் மருந்து: புயல் வேண்டாம். கடற்காற்றின் 'சொற்கள்' எட்டாத இடத்தைத் தொடட்டும். ஊதியவர் சொன்ன பொய்யை ஊர் நம்பும் என்று வையுங்கள். உயரத்தைக் கூட்டாதீர்கள், அகலத்தைக் கூட்டுங்கள்.

மாம்பலம் டீச்சர் எழுதியது:

தம்பி, பாரிமுனைக்காரர் சொன்ன கணக்கெல்லாம் சரி. அது கணக்கு. நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், மகனுடைய நண்பர்கள் வீட்டில் பகடை உருட்டிய சத்தம் தாங்காமல் "என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்கப் போய், இப்போது சனிக்கிழமை ஆட்டத்துக்கு நான்தான் ஜி.எம். ஆகையால் என் வழியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் நான்கு பேரையும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் இராமர் நிற்கிறார். இடக்கை உயர்ந்திருக்கிறது, விரல்கள் எதையோ பற்றியிருப்பது போல வளைந்திருக்கின்றன. வில்லைக் காணோம். அதனால் அவர் யார் என்று யாருக்காவது சந்தேகம் வருகிறதா? தஞ்சாவூர் கலைக்கூடத்துக்குப் போனால் திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் பாருங்கள். 1011ஆம் ஆண்டுத் திருமேனி. காளை போன இடம் தெரியாது. அவர் மட்டும் ஒரு காலை ஒயிலாக மாற்றி வைத்து, இல்லாத காளையின் மேல் கையை ஊன்றி நிற்கிறார். அடையாளப் பொருளுக்கு இதைவிடக் கறாரான சோதனை எனக்குத் தெரியாது. பொருளைப் பிடுங்கிவிட்டாலும் அந்தத் தெய்வம் நிற்கும் விதத்தில் அது தெரிய வேண்டும். உங்கள் சங்கைப் பிடுங்கினால் என்ன ஆகும்? ஷீட்டில் ஒரு வரி மிச்சமாகும்.

அடுத்தது, தெய்வத்துக்கு வலிமையைக் கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை. அது அவர்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. என் ஆட்டத்தில் நான் தெய்வத்துக்குப் பொருள் கொடுப்பது மற்றவர்களுக்காக. மனிதர்களும் பகைவர்களும் பசித்தவர்களும் அந்தத் தெய்வத்தை எட்டிப் பிடிக்க ஒரு பிடி வேண்டுமே, அந்தப் பிடிதான் பொருள். கர்ணனின் கவச குண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் பிளக்க முடியாது, ஆனால் கேட்கலாம். இந்திரன் பிராமண வேடத்தில் வந்து கேட்டான். சூரியன் கனவில் வந்து எச்சரித்தும் கர்ணன் அறுத்துக் கொடுத்தான். பதிலுக்குக் கிடைத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைதான் பாயும். அருச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததைக் கடோத்கசன் மேல் எறிய வேண்டியதாயிற்று. இரண்டு பொருட்கள், இரண்டு விதிகள், அதற்குள் ஒரு மனிதனின் முழு வாழ்க்கை. எந்த இடத்திலும் +3 கிடையாது.

ஆனாலும் எனக்குப் பிடித்தது ஆபுத்திரன் கதைதான். அமுதசுரபி என்றதும் எல்லோரும் 'அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மணிமேகலையில் மெதுவாகப் படியுங்கள். மதுரையில் சிந்தாதேவி அதை அவனுக்குக் கொடுக்கிறாள். அவன் ஊருக்கெல்லாம் சோறு போடுகிறான். இந்திரன் இறங்கி வந்து வரம் தருகிறேன் என்கிறான். இவன் அவனை மதிக்காமல் சிரித்துவிடுகிறான். இப்போது இந்திரன் எப்படிப் பழி வாங்குகிறான் என்று பாருங்கள். வச்சிராயுதத்தைத் தொடவே இல்லை. பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டச் செய்கிறான். விளைச்சல் பெருகுகிறது, பசி ஒழிகிறது, ஆபுத்திரனிடம் வருவதற்கு ஆளில்லை. நிறைந்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உண்பதற்கு ஆள் தேடி அலைகிறான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். இடையில் மணிபல்லவத் தீவில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆள் இல்லாத தீவில், தன் ஒருவன் வயிற்றுக்காக அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த மனமில்லாமல், கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான்.

இதைவிட அழகாக ஒரு தெய்வப் பொருளை மடக்கிய எதிரியை நான் எந்த விதிநூலிலும் பார்த்ததில்லை. பொருள் உடையவில்லை, திருடு போகவில்லை. உலகத்துக்கு அது தேவைப்படாமல் போய்விட்டது. உங்கள் ஆட்டத்தில் எதிரித் தெய்வம் வந்தால் இப்படி வரட்டும். பிறகு அதே பாத்திரம் மணிமேகலையிடம் வந்தபோதும், ஆதிரை கையால் முதல் பிச்சை விழ வேண்டியிருந்தது. இன்னொருத்தி இட்டால்தான் அது தொடங்கும். எவ்வளவு நல்ல விதி!

இனி உங்கள் கடற்காற்று. சென்னைக்குக் கடற்காற்று என்றால் என்ன? மே மாதத்தில் மேற்கிலிருந்து அனல் வீசுகிறது, பிற்பகலில் கடற்காற்று கரையேறினால் ஊர் பிழைத்தது, மேல்காற்று அதை மறித்துவிட்டால் அன்றைக்கு ஊர் வெந்தது. அதைப் போய்ப் புயலில் தேடினீர்களே தம்பி. காத்திருப்பவர்களின் தெய்வம் அது. அவளுக்கு ஒரு பனையோலை விசிறியைக் கொடுங்கள். புதியது வேண்டாம். விளிம்பில் பழைய சேலைக் கிழிசலை மடித்துத் தைத்திருக்கட்டும், பிடி வியர்வையில் கறுத்திருக்கட்டும், ஒரு மூலையை எலி கடித்திருக்கட்டும். அவள் தெய்வமாவதற்கு முன்னால், ஒரு மின்வெட்டு இரவில் பக்கத்து வீட்டுக் கிழவி விடியும்வரை அவளுக்கு வீசிய விசிறி.

அவளால் அதைத் தனக்கே வீசிக்கொள்ள முடியாது. யாருக்கு வீசுகிறாளோ அவரை, கை ஓயும்வரை, எதுவும் தொடாது: தீ, காய்ச்சல், இன்னொரு தெய்வத்தின் சாபம், எதுவும். அந்தக் கைக்கு அப்போது வேறு அற்புதம் கிடையாது. முக்கியமானது இதுதான்: அவள் ஒருவருக்கு வீசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் ஊருக்குக் காற்று வராது. மெரினாவிலிருந்து போரூர்வரை இலை அசையாது. ஒருவரா, ஊரா என்று ஒவ்வொரு முறையும் அவளே முடிவு செய்யட்டும். கூடவே ஒன்று, புழுக்கம் தாங்காமல் யார் கேட்டாலும் விசிறியைக் கொடுத்தாக வேண்டும். கேட்டவர் பகைவராகவும் இருக்கலாம்.

முரசுகட்டிலில் தூங்கிவிட்ட மோசிகீரனாருக்குக் கவரி வீசினானே ஒரு சேரன், வாளெடுத்திருக்க வேண்டிய கையால், அவனை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதினேன். இதெல்லாம் நம்மிடம் கொட்டிக்கிடக்கும்போது வடக்கு ஐரோப்பாக் கோடரியை எதற்குக் கடன் வாங்குகிறீர்களோ.

பாரிமுனை விதிநூல் எழுதியது:

டீச்சர், கதை அருமை. ஆனால் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் கர்ணன்கள் அல்லர். "யார் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும்" என்று விதி எழுதினால், ஆடுபவர் விசிறியை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, பெட்டியைக் கடலுக்கடியில் வைத்துவிட்டு வருவார். 2007இல் வந்த 'ஸயான்' ஆட்டத்தின் முதல் பதிப்பில் இதை நேரடியாகப் பார்த்தேன். அதில் தெய்வப் பிள்ளைகள் தங்கள் துறைசார்ந்த அற்புதங்களை நிகழ்த்த, அதற்குரிய பொருள் கையில் இருந்தாக வேண்டும். பொருள் போனால் ஆற்றலும் போயிற்று. என்ன நடந்தது? எங்கள் குழுவில் ஒருவரும் குளிக்கும்போதுகூடத் தங்கள் பொருளைக் கழற்றவில்லை. ஆட்டம் முழுக்கச் சாவிக்கொத்தைக் காவல் காத்த கதையாகிவிட்டது. பறிபோகக்கூடிய பொருள் என்றால், பறிபோனால் ஆடுபவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் விதியில் எழுத வேண்டும். இழப்பு மட்டும் என்றால் யாரும் பணயம் வைக்க மாட்டார்கள்.

அயனாவரம் அட்டை எழுதியது:

நான் ஆட்டத்துக்குப் புதியவன், ஒன்றே ஒன்று சொல்கிறேன். பொருளைக் காகிதத்தில் எழுதாமல் மேசையில் வையுங்கள். எங்கள் ஜி.எம். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு சின்னக் கைமணி வாங்கி வந்து, "மணி யார் கையில் இருக்கிறதோ அவர் பேசும்போது மற்றத் தெய்வங்கள் குறுக்கிட முடியாது" என்றார். அதற்குப் பிறகு அந்த மணியை யாரும் மறக்கவே இல்லை. விசிறி விலை மலிவுதானே, ஒன்று வாங்கிவிடுங்கள் அண்ணா. நிஜமாகவே வீசினால்தான் கணக்கு என்று சொல்லுங்கள், கை வலிக்கட்டும்.

மாம்பலம் டீச்சர் எழுதியது:

அயனாவரத்துப் பிள்ளை என்னைவிடக் கெட்டிக்காரன். கை வலிக்கட்டும்!

பாரிமுனையாரே, உங்கள் கேள்வி நியாயமானது, பதிலும் பழையதாகவே இருக்கிறது. பதிற்றுப்பத்தில் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல் என்று ஒருவன் வருகிறான். முடிசூடும் வேளையில் பொன்முடி பகைவர் கையில் சிக்கியிருந்ததால், களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்து சூடிக்கொண்டான் என்று காரணம் சொல்வார்கள். பிறகு நன்னனை வென்று அவனுடைய காவல் மரமான வாகையை வெட்டினான். ஆனால் இன்றுவரை அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது நார்முடி. அந்தப் பொன்முடி எப்படி இருந்தது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

ஆகவே விதி இப்படி: பொருள் பறிபோனால், அதற்கு மாற்றாகத் தெய்வம் கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்துகொள்வதே புதிய அடையாளப் பொருள். பழையதற்கு இல்லாத ஒரு குணம் அதற்கு இருக்கும். அந்தக் குணத்தை ஆடுபவரே எழுதுவார், ஜி.எம். வாயைத் திறக்கக் கூடாது. உங்கள் 1979 கையேட்டின் வெற்றுக் கோடு இருக்கிறதே, அதை ஆடுபவரிடம் கொடுத்துவிடுங்கள். விசிறி போனால் அவள் முந்தானையால் வீசட்டும். பிறகு பாருங்கள், பெட்டியில் யார் பூட்டுகிறார்கள் என்று.

இன்னொன்று. பொருள் பளபளப்பாகவே இருந்தால் ஆடுபவர் அதைப் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஔவை, இங்கே ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளே, புறநானூற்றில். புகழ்ச்சி யாருக்கு என்று தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். ஒவ்வொரு பெரிய பயன்பாட்டுக்கும் பொருளில் ஒரு தழும்பு எழுதச் சொல்லுங்கள். எந்த ஓலை எந்த நாளில் கிழிந்தது என்று ஷீட்டில் இருக்கட்டும்.

கூவத்துக்கு நான் மதகுத் திருகுக் கைப்பிடியைச் சொல்வேன், துருப்பிடித்தது. எந்த நீரையும் எந்தத் துயரத்தையும் எந்தக் கூட்டத்தையும் திறந்துவிடும். திறப்பதற்கு முன் கீழே குடியிருக்கும் ஒருவரிடமாவது நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். 2015 டிசம்பரை இந்த ஊரில் கழித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரயில் தெய்வத்துக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விசில் என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.

வேளச்சேரி பகடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆடிப் பார்த்தோம். விசிறியைத் தி.நகரில் வாங்கினேன், கடைக்காரர் எலி கடித்ததைத் தரவில்லை, நானே கத்தரித்தேன்.

காசிமேட்டில் ஒரு குழந்தைக்குச் சாபக் காய்ச்சல். கடற்காற்று வீசத் தொடங்கினார், நிஜமாகவே, மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்து. நான் மற்றவர்களிடம் திரும்பி ஊரில் நடப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தேன்: மின்மாற்றிகள் வெடிக்கின்றன, மருத்துவமனை வராந்தாக்களில் ஆட்கள் சுருண்டு விழுகிறார்கள். கூவம் கெஞ்சினார், நிறுத்தச் சொல்லி. இவர் கையை மாற்றி மாற்றி வீசினாரே தவிர நிறுத்தவில்லை. புயல் சங்கை ஏறெடுத்தும் பார்க்காத அதே ஆள்தான். நடுவில் ஓர் ஓலை உண்மையிலேயே கிழிந்தது. ஷீட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

ரயில் தெய்வம் தன் பொருளைத் தானே தேர்ந்துகொண்டார்: யாரோ தவறவிட்ட சீசன் டிக்கெட். அதில் பெயர் உள்ளவரை வீடு சேர்க்காமல் அவர் வேறு எந்தப் பயணத்தையும் முடிக்க முடியாதாம். டீச்சர், விசில் இல்லை.

இப்போது புதுத் தலைவலி. அடகுத் தெய்வத்துக்கு ஓர் அடகுச் சீட்டுப் புத்தகம் கொடுத்திருந்தேன்: யாராவது மனமுவந்து அடகு வைக்கும் எதையும், நினைவானாலும் நிழலானாலும், அவர் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடியும் நேரத்தில் அவர் கடற்காற்றிடம் போய், "புழுக்கமாக இருக்கிறது, விசிறியைக் கொடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். விதிப்படி கொடுத்தாக வேண்டும். வாங்கியதும் சீட்டு எழுதி நீட்டினார், அடகாக இருக்கட்டும் என்று. ஊருக்குக் காற்று வேண்டுமே என்ற பதற்றத்தில் கடற்காற்றும் கையெழுத்துப் போட்டுவிட்டார். வட்டி என்ன என்பதை அடுத்த வாரத்துக்குள் நான் சொல்ல வேண்டும்.

மாம்பலம் டீச்சர் எழுதியது:

பதற்றத்தில் போட்ட கையெழுத்து மனமுவந்ததா என்று முதலில் இருவரையும் வாதாட விடுங்கள், பாதி ஆட்டம் அதிலேயே ஓடும். செல்லும் என்று ஆகிவிட்டால் வட்டி மாதம் ஒரு பிற்பகல். அந்தப் பிற்பகலில் காற்று சௌகார்பேட்டைக்குள் மட்டும் வீசும். தெருவாசிகளுக்கு முதல் மாதம் கொண்டாட்டமாக இருக்கும். மற்ற ஊர் அங்கே வந்து குவியும்போது அவர்களே அவர் கதவைத் தட்டுவார்கள்.

பாரிமுனை விதிநூல் எழுதியது:

அடகில் இருக்கும் காலத்தில் விசிறிக்காகக் கட்டுண்ட எஃபர்ட் புள்ளி யார் கணக்கில் என்பதை இன்றைக்கே எழுதிவையுங்கள். என் தீர்ப்பு: அடகு பிடித்தவர் கணக்கில். பொருளை வைத்திருப்பவர் பாரத்தையும் சுமக்கட்டும். எழுதாமல் விட்டீர்களென்றால் அவர் நான்கு தெய்வங்களின் பொருட்களையும் வாங்கி அடுக்கிவிடுவார்.